முழங்காலால் தள்ளிய தட்டு

1

“ஏட்டி பொன்னுத்தாயி, அடுத்தவ அடுப்புல என்ன கொதிக்குதுன்னு தெரியாட்டா உனக்குச் சோறு இறங்காதாக்கும்? உன் மருமவ என்ன செய்யுதா, உன் வீட்டுக்காரர் எந்த டீக்கடையில உக்காந்திருக்காரு, மொதல்ல அதப் பாரு. கடலைத் தாண்டி எட்டிப் பாக்குதியே, கழுத்து வலிக்கலையா?”

போன ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் நான் கொடுத்த வரவேற்பு இது. பொன்னுத்தாயி கோவில்பட்டியில் எங்களுக்கு எதிர்வீடு. தீப்பெட்டி ஆபீசில் பதினெட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். என்னை மயினி என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நான் பேசும்போது போனைச் சத்தமாக வைத்துவிடுவாள். தெருவில் எங்களோடு வேலை பார்த்த ஏழெட்டுப் பேர் அவள் வீட்டில் கூடிவிடுவார்கள். மூன்று வாரமாக நான் பேசவில்லை. அதற்குள் என் மகள் ராணிக்கு லண்டனில் வேலை போய்விட்டது என்று தெருவே பேசி முடித்திருக்கிறது.

“கேட்டது ஒரு தப்பா மயினி?”

“கேட்டது தப்பில்ல. கேக்குறதுக்கு முன்னாடியே தெரு பூரா சொல்லிட்டியே, அதுதான் தப்பு.”

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை இவர்களே தாளித்துக்கொள்வார்கள். அதனால் எழுதியும் வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு. என் எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அச்சில் ஏற்றுகிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

2

முதலில் ஒன்று. நாங்கள் இருப்பது லண்டன் இல்லை. லண்டனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ரயிலில் வர வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் ஊரில் எல்லோருக்கும் இது லண்டன்தான். அங்கே விளாத்திகுளத்துக்காரரையும் கடம்பூர்க்காரரையும் மெட்ராசில் எல்லாம் ஒன்றாக “தெற்கத்தி ஆளு” என்று சொல்வதில்லையா, அப்படி.

நான் வந்து மூன்று வருடம். இன்னும் இந்த ஊர் மழை எனக்குப் பிடிபடவில்லை. நம் ஊரில் மழை வந்தால் கரிசல் கேட்கும்: எங்கே இருந்தாய் இத்தனை நாளாய் என்று. வாயைத் திறந்து குடிக்கும், அப்புறம் நம் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. இங்கே மழை நாள் முழுக்கத் தூறும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

வந்த புதிதில் டாக்டரிடம் பேர் பதிய ராணி கூட்டிப்போனாள். என் பேரில் முகவரி போட்ட காகிதம் வேண்டும் என்றார்கள். வீடு மகள் பேரில், கரண்டு மருமகன் பேரில். வங்கிக்குப் போனால், டாக்டர் காகிதம் கொண்டுவா என்கிறார்கள். நான் எதிரே நிற்கிறேன், இருமுகிறேன், அப்படியும் நான் இருக்கிறேன் என்பதற்கு நான் சாட்சி இல்லை. காகிதம்தான் சாட்சி. அப்போது சிரித்தேன். இந்த மாதம்தான் அது சிரிக்கிற சங்கதி இல்லை என்று புரிந்தது.

ராணி வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற பெரிய ஆலையில். பின்னேர ஷிப்டுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பன்னிரண்டு பேர். துவைத்துக் காய்ந்து வருகிற படுக்கை விரிப்புகளை மடித்து, ஆளுக்கொரு தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். எந்த வண்டியில் எத்தனை என்று அன்றன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

ஒரு நாள் காலையில் குளியலறைக்குள் ராணி தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். இங்கிலீசில், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப. பேத்தி மீனா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் பாதி பாதி புரிந்துகொண்டு குடித்தனம் நடத்துகிறோம்.

“என்னட்டி சொல்லுதா உங்கம்மா?”

மீனா காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்.

“உங்க வேலை இனிமே இல்ல, சாரி... அப்படின்னு சொல்லுறா ஆச்சி.”

ராணி வெளியே வந்ததும் தோசையை வைத்துவிட்டுக் கேட்டேன்.

“யாருக்குட்டி சாவுச் செய்தி ஒத்திகை பாக்குத?”

நின்றபடியே அழுதாள். ஆலைக்கு மடிக்கிற மெஷின் வருகிறதாம். பன்னிரண்டு பேரில் நாலு பேர் போக வேண்டுமாம். மேனேஜர் ஒரு தாள் கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் மார்க் போட வேண்டும்: வேகம், லீவு, தவறு என்று. கடைசி நாலு பேருக்கு வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிகிற நேரத்தில் கடிதம். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

“வெள்ளிக்கிழமை ராத்திரியா? சனி ஞாயிறு ஆபீசும் பூட்டிருக்கும், கேள்வி கேக்க ஆளும் இருக்காது. ரெண்டு நாளு அவிய யார்கிட்ட போய் அழணும்?”

“அதுக்குத்தானம்மா வெள்ளிக்கிழமை வைக்காங்க.”

“சரி, கடைசி பேரு யாரு?”

“ஹலினா.”

எனக்குத் தோசைக்கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

3

ஹலினாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தட்டு தள்ளுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் இருந்தவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளைப் பெட்டியில் அடைப்பது எங்கள் வேலை. வரிசையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். அடைத்த பெட்டிகளைத் தகரத் தட்டில் அடுக்கி, தட்டு நிறைந்தால் நம் முதுகுக்குப் பின்னால் வைக்க வேண்டும். சாயங்காலம் ஆளுக்கு எத்தனை தட்டு என்று எண்ணிப் பலகையில் எழுதுவார்கள்.

இதில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இருக்கிறவள் மாசமாக இருந்தால், காய்ச்சலோடு வந்திருந்தால், வீட்டில் துக்கம் நடந்து கை ஓடாமல் உட்கார்ந்திருந்தால், நம் தட்டை அவள் பக்கம் முழங்காலால் தள்ளிவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. தள்ளினவள் சொல்லக் கூடாது, வாங்கினவள் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் சண்டை வந்துவிடும். ராணி என் வயிற்றில் இருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் தட்டு அதுபாட்டுக்கு வளரும். பொன்னுத்தாயி கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடுவாள். அவள் பாட்டு சகிக்காது. அந்தக் காரணத்துக்காகவும் நான் நன்றி சொன்னதில்லை.

அப்புறம் எனக்கு வேலையில் ஏற்றம் வந்தது. அடைப்புக் கூடத்துக்கு மேற்பார்வை. உட்கார ஒரு மர நாற்காலி. அங்கேதான் வினை. நாற்காலியில் உட்கார்ந்தால் பலகை நன்றாகத் தெரியும், தரை தெரியாது.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப்பையில் ஒரு நாளும் தீப்பெட்டி இருக்காது. பீடி பழக்கம் இல்லை.

“சீனி, தீவாளி கழிஞ்சு அடைக்கிற மெஷின் வருது. நாப்பது பேருல பதினஞ்சு பேரை நிறுத்தணும். எனக்கு யார் கை எப்படின்னு தெரியாது. நீயே எழுதிக் குடுத்திரு.”

நான் யோசிக்கவே இல்லை. மூன்று மாதத்துப் பலகைக் கணக்கைப் பார்த்துக் கீழே இருந்து பதினைந்து பேரை எழுதினேன். முதல் பேர் வேலம்மா. ஐம்பது வயது, நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வருவாள். இரண்டு வருடமாக மழை பொய்த்து, அவர்கள் காட்டில் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. வீட்டில் உலை வைப்பது இந்த வேலைதான். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். பலகை சொல்லுதே, நான் என்ன செய்ய என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் வாசித்தேன். கேட்டில் ஒட்டவும் செய்தேன். இப்போது அந்த மேனேஜரைத் திட்டுகிறேனே, நானும் வாரக் கடைசியில்தான் வாசித்திருக்கிறேன்.

பதினைந்து பேரில் சிலர் அழுதார்கள், ஒருத்தி என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். வேலம்மா எழுந்து மடியில் இருந்த குச்சித் தூளைத் தட்டினாள். தூக்குச்சட்டியை எடுத்தாள்.

“வாரேன் சீனி,” என்றாள்.

போகிறவள் வாரேன் என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முத்துமாரி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பலகைக் கணக்கில் அவள் பேரில்தான் எல்லோரையும்விட அதிகத் தட்டு. ஏழு மாதம். நின்றால் மூச்சு வாங்கும்.

“எக்கா, எம்பேரை அடிச்சிருங்க.”

“ஏன்ட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு?”

“எம்பேருல ஏறின தட்டுல பாதிக்கு மேல வேலம்மா அத்தை அடைச்சது. எனக்குக் குனியவே முடியல எக்கா. நீங்க இத்தனை வருசம் கூடத்துல இருந்தவிய, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள். தெரியத்தான் வேண்டும். ஒரு காலத்தில் அதே தட்டை வாங்கிப் பிள்ளை பெற்றவள் நான்.

4

இதெல்லாம் ராணிக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்:

“உங்க ஆலையில குடும்பத்தோட வந்து பாருங்கன்னு ஒரு நாளு கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?”

“ஆமா. நீங்க உக்கார நாற்காலி இல்லைன்னு அழுக்கு மூட்டை மேல உக்காந்திருந்தீங்க. எனக்கு மானமே போச்சு.”

“அந்த மூட்டை மேல இருந்து பாத்தேன்ட்டி. உன் ஹலினா ஒரு கட்டு மடிச்சா. பக்கத்துல முக்காடு போட்டுக்கிட்டு ஒரு புதுப் பிள்ளை நின்னாளே...”

“அமீனா.”

“அவ வண்டியில அந்தக் கட்டைப் போட்டுட்டு, அந்த வண்டியை இடுப்பால ஒரு தள்ளு. கண்ணு மட்டும் முகட்டைப் பாக்குது. எனக்குச் சிரிப்பு தாங்கல. இவ எந்தத் தீப்பெட்டி ஆபீசுல வேலை பாத்தவன்னு நெனச்சேன்.”

ராணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, இத ஏன் அப்பவே சொல்லல?”

“அது சொல்லக் கூடாத சங்கதிட்டி.”

“இப்ப மட்டும் எதுக்குச் சொல்லுதீங்க?”

“ஒரு தடவை பலகையை மட்டும் பாத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்லா.”

ராணி அந்த மார்க் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். ஹலினாவுக்கு வேகத்தில் ஆறு மாதமாக இறக்கம். அமீனா வேலைக்குச் சேர்ந்தும் ஆறு மாதம். ராணிக்கு என்னைப் போலவே தலை சுற்றியிருக்கும். ஆனால் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, உடனே அடுத்த முடிச்சைப் பார்த்துவிட்டாள்.

“ஹலினாவை மேல ஏத்தினா அமீனா கீழ வந்துருவா. அவளைத் தள்ளுறதுக்கா இவ இத்தனை நாள் தள்ளிவிட்டா?”

வேலம்மா ஏன் வாயைத் திறக்காமல் போனாள் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். திறந்திருந்தால் முத்துமாரி போயிருப்பாள்.

மீனா பள்ளிக்கூடப் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது. போனில் எதையோ தேடி அம்மாவிடம் காட்டினாள். என்னிடம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கித் தமிழில் சொன்னாள்.

“ஆச்சி, இங்க சட்டம் இருக்கு. முதல்ல அவங்கள கூப்பிட்டுப் பேசணும். அப்புறம்தான் முடிவு. அம்மாவுக்கு இது தெரியும். பயப்படுறா.”

“பயப்படாம? மேனேஜருக்குப் பிடிக்காட்டா அஞ்சாவது ஆளு நான்தான்,” என்றாள் ராணி.

இதுதான் பிரச்சினை. வாயை மூடிக்கொண்டிருந்தால் ராணிக்கு வேலை உண்டு. திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

“உங்க முதலாளி அன்னைக்கு என்ன செஞ்சாரும்மா?” என்று கேட்டாள்.

5

முத்துமாரி சொன்னதும் நேரே அண்ணாச்சியிடம் போனேன். கேட்டு முடித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“இப்ப வந்து சொல்லுதியே சீனி. கேட்டுல ஒட்டியாச்சே.”

“ஒட்டினது பசைதானே அண்ணாச்சி? நம்ம ஊருல பசைக்கா பஞ்சம்? கிழிச்சிட்டு மறுபடி ஒட்டுவோம்.”

சிரித்துவிட்டார். நான் பயத்தில் உளறினது. அவர் அதைத் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டார்.

ஆபீஸ் பஸ்ஸை எடுத்துக்கொண்டு வேலம்மா ஊருக்குப் போனேன். முந்தின நாள்தான் ஐப்பசி மழை பிடித்திருந்தது. தார் ரோடு முடிந்ததும் பஸ் நின்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் கரிசல் காலில் ஒரு சுற்று ஏறும். ஊருக்குள் போகும்போது நான் யானைக்காலோடு நிற்கிறேன். வேலம்மா காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வா என்று சொல்லவில்லை.

“வேலம்மா, தப்பாப் போச்சு. வந்துரு.”

“எதுக்கு? மழை பெஞ்சிருக்கு, காடு இருக்கு.”

“முத்துமாரி சொல்லிட்டா.”

“அவளுக்கு வாய் நீளம்.” நான் காலை உரசி உரசிக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வாரேன். ஆனா ஒண்ணு. எந்த வாயால எந்தக் கூடத்துல வாசிச்சியோ, அந்த வாயால அந்தக் கூடத்துலயே மாத்தி வாசிக்கணும். நான் கை மந்தம்னு போயிட்டேன், வரும்போது அப்படி வர மாட்டேன்.”

வேலையைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் நான் போனேன். போனது வேலை மட்டும் இல்லை என்று அந்தச் செம்புத் தண்ணீரில் நின்றபோது தெரிந்தது.

மறுநாள் அண்ணாச்சி நாற்பது பேரையும் கூடத்தில் உட்காரவைத்தார். பழைய பட்டியலைக் கிழித்தார். மெஷின் வருவது நிசம், மறைக்க மாட்டேன் என்றார். யாருக்கு என்ன முடியும், என்ன வேண்டும் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். முழங்கால் வலி, நானே போறேன் என்றாள் ஒருத்தி. மகள் பிரசவத்துக்குப் போக வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அப்படியே ஆறு பேர் தாங்களாகச் சொன்னார்கள். சிலர் அரை நாள் போதும் என்றார்கள். இரண்டு பேரை எட்டயபுரம் ரோட்டில் இருந்த அவர் மச்சான் ஆபீசில் சேர்த்துவிட்டார். கடைசியில் மனசில்லாமல் போனது மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் அடுத்து ஆள் எடுத்தால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், அதில் இரண்டு பேரைக் கூப்பிடவும் செய்தார்.

அப்புறம் என் முறை. எழுந்து நின்றேன். வேலம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்க என்னையே பார்த்தது. இந்த வாய் இருக்கிறதே, என்ன செய்தது தெரியுமா?

“அண்ணாச்சி அவசரத்துல தப்பா எழுதிட்டாவ. வேலம்மா கை மந்தமில்ல. பாதிப் பலகை அவ கையால ஏறினது.”

இரண்டாவதும் மூன்றாவதும் உண்மை. முதலாவது பொய். எழுதியது நான்.

அண்ணாச்சி வாசலில் நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

“ஆமா, தப்பு நம்ம பக்கந்தான்,” என்றார். சொல்லிவிட்டு முகட்டைப் பார்த்தார்.

தரையில் உட்காராத மனுசன், எனக்கு ஒரு தட்டு தள்ளிவிட்டார். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. வேலம்மாவும் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு போய் இறந்துபோனாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ராணியிடம்கூட அன்றைக்கு அந்த ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் கதையைச் சொன்னேன்.

6

ராணி வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே மேனேஜரிடம் போய், கடிதம் கொடுக்க மாட்டேன், முதலில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மார்க் தாள் தப்பு என்றும் சொன்னாள். ஏன் தப்பு என்று கேட்டதற்கு, பழகுகிற ஆளையும் பழக்கிவிடுகிற ஆளையும் ஒரே கோலால் அளக்க முடியாது என்றாளாம். யார் யாருக்குக் கட்டு தள்ளினார்கள் என்று அவரிடம் பேர் சொல்லவில்லை. என் மகள் அல்லவா.

அவர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன். யாராவது ஒருவர் தெம்பாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சரி என்றார். மேலிடத்தில் சட்டம் தெரிந்தவர்கள் அவரை நன்றாகக் கேட்டிருப்பார்கள் போல. செவ்வாய்க்கிழமை ஷிப்டு தொடங்கும்போது ராணி பன்னிரண்டு பேரையும் உட்காரவைத்து, டீ கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். நான் போளி சுட்டுக் கொடுத்திருந்தேன். கடம்பூர்க்காரர்கள் பார்த்தால் அதைப் போளி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் கேட்கக் கூடாது.

கேட்டதும் எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்களாம். ஒரு வாரம் ஒவ்வொருவராகத் தனியே உட்கார்ந்து கேட்டாள். ஒரு கிழவனார், எனக்குத் தோட்டம் இருக்கிறது, நான் போகிறேன் என்றார். ஒரு அம்மா மகன் ஊருக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒருத்தர் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். அமீனா உட்பட ஒரு வருடம்கூட நிறையாதவர்களுக்கு வேக மார்க்கே கிடையாது என்று ராணி வாதாடி வாங்கினாள். ஹலினா இனி மெஷினில் புது ஆட்களைப் பழக்குகிறவள். செய்த வேலைதான், இப்போது அதற்குப் பேர் இருக்கிறது.

டீன் என்று ஒரு இளவட்டம். அவன் வேலை போய்த்தான் விட்டது. ராணி அவனுக்காக நாலு இடத்தில் பேசினாள், கடிதம் எழுதிக் கொடுத்தாள். ரொட்டி ஆலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். ஆனால் போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது ராணிக்கு இன்னும் உறுத்துகிறது. “உறுத்தட்டும்ட்டி, உறுத்தாதவளுக்கு அந்த நாற்காலியைக் குடுக்கக் கூடாது,” என்றேன்.

மீதி இருப்பவர்களுக்கும் பயம் தெளியவில்லையாம், அடுத்தது நாமோ என்று. இப்போது வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுகிறாள். மூட்டை மேல்தான் உட்காருகிறாளாம். மானம் போகவில்லையா என்று கேட்டேன். முறைத்தாள்.

சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கதவு இடிபட்டது. திறந்தால் ஹலினா. அவள் கட்டு தள்ளியதை நான் பார்த்த சங்கதியை ராணி அவளிடம் தனியே சொல்லியிருந்தாள். தாட்டியான உடம்பு, சிவந்த முகம். என்னை நோக்கி விரலை ஆட்டி ஆட்டி அவள் பாஷையில் ஏசினாள். ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. யாரிடம் கேட்டு அந்தக் கதையை ராணியிடம் சொன்னாய்? அந்தப் பிள்ளைக்கு வேலை போயிருந்தால்?

நானும் விடவில்லை.

“ஏம்மா, நீ முகட்டைப் பாத்தா எனக்குக் கண்ணு தெரியாதாக்கும்? எங்கூருல உன்னை மாதிரி நாப்பது பேரை மேய்ச்சவட்டி நான்!”

எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எந்த நாடானாலும் எதிர்வீடு எதிர்வீடுதான். ஹலினா களைத்துப்போய் உட்கார்ந்தாள். நான் போளித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கையால் அவள் பக்கம் மெல்லத் தள்ளினேன். தள்ளிவிட்டு முகட்டைப் பார்த்தேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு சிரிப்பு, மாடியிலிருந்து மீனா இறங்கி ஓடிவந்தாள்.

7

போன ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தாயியிடமும் தெருவிலுள்ள மற்றவர்களிடமும் இவ்வளவையும் சொன்னேன். ராணி வேலையில்தான் இருக்கிறாள், நீங்கள் யாரும் மொய் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்றேன். எல்லோரும் பெருமூச்சு விட்டது இங்கே வரைக்கும் கேட்டது. அப்படியே போனை வைத்திருக்கலாம். ஹலினா சிரித்த சிரிப்பு என்னை வைக்கவிடவில்லை.

“இன்னொண்ணு சொல்லணும். வேலம்மா பேரை எழுதினது அண்ணாச்சி இல்ல. நான்தான். கூடத்துல பொய் சொன்னேன்.”

பொன்னுத்தாயி, “இதுக்கா மயினி இழுத்து இழுத்துப் பேசுதிய?” என்றாள்.

“என்னட்டி?”

“கேட்டுல ஒட்டின தாளை நாங்க பாக்கலையா? கோழி கிளறினாப்ல எழுத்து நம்ம ஆபீசுலயே ஒண்ணுதான். அண்ணாச்சி எழுத்து முத்து முத்தா இருக்கும்.”

பின்னாலிருந்து முத்துமாரி குரல். அவளும் இப்போது பேரன் எடுத்தவள்.

“வேலம்மா அத்தையே பாத்துட்டுத்தான் பஸ் ஏறிச்சு எக்கா. திரும்பி வந்த அன்னைக்கு எங்க கிட்ட சொல்லிச்சு: ‘அவ ஒத்துக்கிடல, போட்டும். கரிசல்ல அம்புட்டு தூரம் நடந்து வந்தால்லா. யாரும் சொல்லிக் காட்டாதீங்க’ன்னு.”

இருபது வருடம். நாற்பது பேர். அதில் பொன்னுத்தாயி வாய் வேறு. ஒருத்திகூட ஒரு சண்டையில்கூட அதை எடுத்ததில்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. இது எங்கள் தெருவில் யாரும் கேட்டிராத அதிசயம், அதனால் அவர்களே பயந்து, மயினி, மயினி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன்:

“ஏட்டி, இத்தனை வருசமா எம் முதுகுக்குப் பின்னால இத்தனை தட்டை அடுக்கிட்டு, ஒருத்தியாவது என்னைத் திரும்பிப் பாக்க விட்டியளா?”